கையகல வெயிலில் ஓடும் கார்

பள்ளி அறிவியல் கண்காட்சிக்கு ஒருமுறையாவது போய்வந்தவர்களுக்கு இந்தக் காட்சி புதிதாக இருக்காது. வகுப்பறை பெஞ்சுகளை ஒட்டிப்போட்டு, மேலே வெள்ளைத் துணி விரித்திருக்கிறார்கள். எரிமலை புகைகிறது, சொட்டுநீர்ப் பாசனம் சொட்டுகிறது, தெர்மாகோல் வீட்டின் கூரையில் மழைநீர் சேகரிப்பு நடக்கிறது. வரிசையின் கடைசியில் ஒரு சோலார் கார். அதற்குப் பின்னால் நிற்கும் ஏழாம் வகுப்பு மாணவி மூச்சுவிடாமல் ஒப்பிக்கிறாள். "வணக்கம் ஐயா. எங்கள் செயல்திட்டத்தின் தலைப்பு, சூரிய ஒளியில் இயங்கும் மகிழுந்து. சூரிய ஒளியானது இந்தத் தகட்டின் மேல் படும்போது..."

நடுவராக வந்திருக்கும் ஆசிரியர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டுக் கேட்கிறார்: "அதெல்லாம் சரிம்மா. ஓட்டிக் காட்டு பார்ப்போம்."

கார் நகரவில்லை.

"நேத்து மத்தியானம் மொட்டை மாடியில ஓடுச்சு சார்" என்கிறாள். குரல் கம்முகிறது. சக்கரத்தை விரலால் தள்ளிப் பார்க்கிறாள், ஒயரை அசைத்துப் பார்க்கிறாள், பேனலைப் பாவாடையில் துடைத்துப் பார்க்கிறாள். தலைக்கு மேலே இரண்டு டியூப் லைட்டுகள் பளிச்சென்று எரிந்துகொண்டிருக்கின்றன. வெளிச்சத்துக்கு ஒரு குறையும் இல்லை என்றுதான் கண் சொல்கிறது.

பக்கத்து மேஜையில் இன்னொரு சோலார் கார் ஜம்மென்று ஓடுகிறது. தூக்கிக் கவிழ்த்துப் பார்த்தால் அடியில் கறுப்பு டேப் சுற்றிய ஒன்பது வோல்ட் பேட்டரி. மேலே ஒட்டியிருக்கும் பேனலிலிருந்து இறங்கும் ஒயர் எங்கேயும் போய்ச் சேரவில்லை. அது ஊமைப் பேனல்.

இரண்டில் உண்மையான சோலார் கார் ஓடாமல் நின்றதுதான். ஏன் நின்றது என்று கேட்கத் தொடங்கினால், ஒரு வருட இயற்பியல் பாடம் அந்த மேஜைமேலேயே கிடைத்துவிடும்.

முதல் விடை கண்ணைப் பற்றியது. டியூப் லைட் போட்ட வகுப்பறையில் மேஜைமேல் விழும் வெளிச்சம் 300 முதல் 500 லக்ஸ் வரை இருக்கும். உச்சிவெயில் ஒரு லட்சம் லக்ஸ். ஏறக்குறைய 200, 300 மடங்கு வித்தியாசம். ஆனால் நம் கண்ணுக்கு அது அப்படித் தெரிவதில்லை. வெளியே போனால் பாவை சுருங்கி, உள்ளே வந்தால் விரிந்து, அது சரிக்கட்டிக்கொள்கிறது. பேனலுக்கு அந்த வித்தை தெரியாது. விழுந்த வெளிச்சத்துக்கு என்ன கணக்கோ அதைத்தான் கொடுக்கும்.

பொம்மையாக வந்த தொழில்நுட்பம்

சோலார் காரைப் பொம்மையாகச் செய்வதைச் சின்னப்பிள்ளை விளையாட்டு என்று ஒதுக்கிவிட முடியாது. சோலார் மின்சாரம் ஊர் பார்க்க மேடையேறியதே பொம்மையோடுதான். 1954 ஏப்ரல் 25 அன்று அமெரிக்காவின் நியூஜெர்சியில் இருக்கும் பெல் ஆய்வுக்கூடம், சிலிக்கானால் ஆன சூரிய மின்கலத்தைப் பத்திரிகையாளர்களுக்குக் காட்டியது. டேரில் சாபின், கால்வின் ஃபுல்லர், ஜெரால்டு பியர்சன் என்ற மூவர் அதைச் செய்திருந்தார்கள். மேலே விழும் ஒளியில் 6 சதவீதத்தை அது மின்சாரமாக மாற்றியது. அந்த மின்சாரத்தில் அவர்கள் சுற்றவிட்டுக் காட்டியது ஒரு பொம்மை ராட்டினம்.

அடுத்த ஆண்டு, 1955 ஆகஸ்டு 31 அன்று, சிகாகோவில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் நடத்திய கண்காட்சியில் 'சன்மொபில்' என்ற வண்டி ஓடியது. செய்தவர் அந்த நிறுவனத்தைச் சேர்ந்த வில்லியம் காப். முதல் சோலார் கார் என்று வரலாற்றில் இடம்பிடித்த அந்த வண்டியில் ஆள் ஏற முடியாது. அதன் நீளம் 15 அங்குலம். ஒரு பள்ளி ஸ்கேலும் அதன்மேல் கால் பாகமும். முதுகில் செலினியத்தால் ஆன 12 மின்கலங்கள், வயிற்றில் ஒரு சின்ன மோட்டார். இன்றைக்கு ஏழாம் வகுப்புப் பிள்ளை செய்கிற காரும் அதே வம்சம்தான்.

ஆள் உட்கார்ந்து ஓட்டுகிற சோலார் வண்டி ஒரு கண்டத்தையே கடக்க இன்னும் 28 வருடங்கள் ஆயின. ஹான்ஸ் தோல்ஸ்ட்ரப்பும் லாரி பெர்கின்ஸும் 1982 டிசம்பரில் ஆஸ்திரேலியாவின் பெர்த்தில் புறப்பட்டு, 1983 ஜனவரியில் சிட்னியைத் தொட்டார்கள். நாலாயிரம் கிலோமீட்டருக்கு மேல், சுமார் 20 நாள். 1987-இல் அதே நாட்டில் டார்வினிலிருந்து அடிலெய்டு வரை 3,000 கிலோமீட்டர் சோலார் கார் பந்தயம் தொடங்கியது. முதல் ஆண்டில் ஜெயித்ததும் ஜெனரல் மோட்டார்ஸின் கார்தான். சராசரி வேகம் மணிக்கு ஏறத்தாழ 67 கிலோமீட்டர்.

ஆறரை வாட் வெயில்

கடையில் பள்ளிச் செயல்திட்டத்துக்கென்று விற்கிற பேனல் ஓர் உள்ளங்கை அளவு இருக்கும். 6 சென்டிமீட்டர் அகலம், 11 சென்டிமீட்டர் நீளம் என்று வைத்துக்கொள்வோம். தெளிந்த வானத்தில் உச்சிவெயில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட் ஆற்றலைக் கொட்டுகிறது. அந்தக் கணக்கில் இந்த உள்ளங்கைமேல் விழுவது ஆறரை வாட். பேனல் அதிலிருந்து பிழிந்து கொடுப்பது அரை வாட்டுக்குச் சற்று மேல். வீட்டில் இரவில் எரிகிற எல்.இ.டி. 'ஜீரோ வாட்' பல்புக்குப் போதும். அதைக் கொண்டு ஒரு காரை ஓட்ட வேண்டும்.

பேனலின் பின்பக்கம் '6 வோல்ட், 100 மில்லி ஆம்பியர்' என்று எழுதியிருக்கும். பெரும்பாலானவர்கள் வோல்ட்டை மட்டும் பார்ப்பார்கள். "நாலு பென்சில் செல் போட்டாலே ஆறு வோல்ட். அதில் ஓடுகிற மோட்டார் இதில் ஓடாதா?" என்பது நியாயமான கேள்விதான். ஆனால் ஓடாது. மாடியில் தண்ணீர்த் தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறது என்பது வோல்ட் மாதிரி. குழாயில் நிமிடத்துக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பது ஆம்பியர் மாதிரி. பேனல் என்பது உயரமான தொட்டி, ஆனால் குழாயோ ஊசித் துவாரம். பென்சில் செல் அப்படி இல்லை. மோட்டார் கிளம்பும் நொடியில் ஓர் ஆம்பியருக்கு மேல் கேட்டாலும் அள்ளிக் கொடுத்துவிடும்.

மின் மோட்டாருக்கு ஒரு குணம் உண்டு. நிற்கும் நிலையிலிருந்து கிளம்பும்போதுதான் அது அதிகமாக மின்னோட்டம் இழுக்கும். ஓடத் தொடங்கிவிட்டால் தேவை குறைந்துவிடும். பாரம் ஏற்றிய தள்ளுவண்டியை அசைக்கத்தான் தம் பிடிக்க வேண்டும். உருண்டுவிட்டால் ஒரு கையே போதும் என்பது மாதிரி. பொம்மைக் கார்களில் வருகிற சாதாரண மோட்டார் கிளம்புவதற்கு 500, 700 மில்லி ஆம்பியர்கூடக் கேட்கும். பேனலோ 100-க்கு மேல் ஒரு சொட்டுக்கூடக் கொடுக்காது. அதிகமாகக் கேட்டால் அதன் வோல்ட் படுத்துவிடும். மோட்டார் 'ம்ம்' என்று முனகிவிட்டு நின்றுபோவது அதனால்தான்.

இதிலேயே ஒரு நல்லதும் இருக்கிறது. இவ்வளவுதான் கொடுப்பேன் என்கிற பேனலின் இரண்டு ஒயரையும் ஒன்றோடொன்று தொடவைத்தாலும் ஒன்றும் ஆகாது. பேட்டரியில் அப்படிச் செய்தால் ஒயர் சுட்டுவிடும். சின்னப் பிள்ளைகள் பயமில்லாமல் கையில் எடுத்துப் பழகக்கூடிய மின்சாரம் இது.

"கரண்ட் எவ்ளோ வேணும்?"

சென்னையில் இதற்கெல்லாம் போய்ச் சேரும் இடம் அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு. ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், ஒயர், பழைய லேப்டாப் கீபோர்டு என்று பெட்டி பெட்டியாகக் குவிந்திருக்கும் சந்துகளில், செயல்திட்டச் சாமான் விற்கும் கடைகள் வரிசையாக இருக்கின்றன. கண்காட்சி நெருங்கும் வாரங்களில் அப்பா, அம்மாவோடு பள்ளிப் பிள்ளைகளைப் பார்க்கலாம். உரையாடல் பெரும்பாலும் இப்படித்தான் போகும்.

"அண்ணே, சோலார் காருக்கு பேனலும் மோட்டாரும் வேணும்."

"எத்தனை வோல்ட் பேனல்?"

"ஆறு."

"கரண்ட் எவ்ளோ வேணும்?"

இந்த இடத்தில்தான் அப்பாவும் பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். கடைக்காரர் மஞ்சள் நிறத்தில், பல்சக்கரம் உள்ளேயே வைத்த பி.ஓ. மோட்டாரை எடுத்து நீட்டுவார். ரோபோ செய்கிற பிள்ளைகள் எல்லாரும் வாங்குவது அதைத்தான். பேட்டரிக்கு அது அருமையான மோட்டார். கையகல பேனல் ஒன்றுக்கு அது பெரும்பாலும் அடங்காது. கேட்டு வாங்க வேண்டியது 'சோலார் மோட்டார்' என்று விற்கப்படுகிற, 20, 30 மில்லி ஆம்பியரிலேயே சுற்றத் தொடங்கும் ரகம். அது கிடைக்காத ஊரில் பழைய டி.வி.டி. பிளேயர் இருந்தால் போதும். தட்டைச் சுழற்றவும் லென்சை நகர்த்தவும் அதற்குள் இருக்கிற தட்டையான மோட்டார்கள் குறைந்த மின்னோட்டத்துக்குப் பழகியவை. காயலான் கடையில் கிலோ கணக்கில் போகிற பொருள்.

மல்டிமீட்டர் ஒன்றும் இருந்தால் நல்லது. வீட்டுக்குள் பேனலை வைத்து வோல்ட் பார்த்தால் ஏமாற்றும். ஜன்னலோரத்திலேயே நாலைந்து வோல்ட் காட்டிவிடும். பார்க்க வேண்டியது மின்னோட்டத்தை. அதே ஜன்னலோரத்தில் அது சில மில்லி ஆம்பியர்தான் காட்டும். வெயிலில் கொண்டுபோய் வைத்தவுடன் 90, 100 என்று எகிறும். அந்த எண் ஏறுவதைப் பார்க்கும் பிள்ளைக்கு, கண்காட்சி அறையில் கார் ஏன் நின்றது என்பதைத் தனியாகச் சொல்லித்தர வேண்டியதில்லை.

போக்ஸ் கம்பியும் பாட்டில் மூடியும்

பேனலும் மோட்டாரும் போக மீதி எல்லாம் வீட்டிலேயே இருக்கும். குப்பையில் போகும் பொருளிலிருந்து அறிவியல் பொம்மை செய்வதையே வாழ்நாள் வேலையாக வைத்திருக்கும் அரவிந்த் குப்தா, தீக்குச்சியும் சைக்கிள் வால்வு டியூபும் வைத்துக் கணித உருவங்கள் செய்துகாட்டியவர். கான்பூர் ஐ.ஐ.டி.யில் பொறியியல் படித்த அவருக்கு 2018-இல் பத்மஸ்ரீ கிடைத்தது. அந்த வழியில் போனால் காரின் உடம்புக்குச் செலவே இல்லை.

அடித்தளத்துக்கு, படம் ஒட்டப் பயன்படும் சன் போர்டு துண்டு: 15 சென்டிமீட்டர் நீளம், 8 சென்டிமீட்டர் அகலம். மரப்பலகையோ தடித்த பிளாஸ்டிக்கோ வேண்டாம். கார் முழுக்கச் சேர்த்தே 150 கிராமுக்குள் அடங்க வேண்டும். அச்சுக்கு சைக்கிள் போக்ஸ் கம்பி. நேராக இருக்கும், வளையாது, சுமார் 2 மில்லிமீட்டர் தடிமன். அது சுற்றுவதற்கு ஜூஸ் குடிக்கிற ஸ்ட்ராவை நறுக்கி, அடித்தளத்தின் அடியில் முன்னும் பின்னும் குறுக்கே ஒட்டிக்கொள்ளலாம். ஒட்டும்போது ஸ்ட்ராவுக்குள் ஒரு சொட்டுப் பசை இறங்கினாலும் அச்சு பிடித்துக்கொள்ளும்.

சக்கரத்துக்குத் தண்ணீர் பாட்டில் மூடி. மூடியின் சரியான மையத்தில் துளை போடுவதுதான் இந்த வேலையிலேயே நுணுக்கமான கட்டம். கண்ணால் குத்துமதிப்பாகப் போட்டால் ஒரு மில்லிமீட்டராவது தள்ளிப்போகும், கார் நொண்டும். மூடியைத் தாளில் வைத்து வரைந்து, வட்டத்தை வெட்டி, இரண்டாக ஒரு மடிப்பு, மறுபடி இரண்டாக ஒரு மடிப்பு. பிரித்தால் இரண்டு மடிப்புகளும் வெட்டிக்கொள்ளும் புள்ளிதான் மையம். தாளை மூடிமேல் ஒட்டி, பெரியவர் ஒருவர் காம்பஸ் முனையைச் சூடாக்கிக் கொடுத்தால் துளை கச்சிதமாக விழும். வட்டத்தின் மையம் என்று கணக்குப் புத்தகத்தில் படித்தது அன்றைக்குத்தான் கைக்கு வரும்.

பாட்டில் மூடி வழுக்கும்; சிமெண்ட் தரையில் சக்கரம் சுற்றும், கார் நகராது. பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் கேட்டு வாங்கி, வளையல் மாதிரி குறுக்கே நறுக்கினால், அந்த ரப்பர் வளையம் மூடியின் மேல் டயர் மாதிரி இறுக்கமாக உட்கார்ந்துகொள்ளும். அதை மோட்டார் இணையும் இரண்டு பின் சக்கரங்களுக்கு மட்டும் போட்டால் போதும்.

மோட்டாரின் தண்டில் நேராகச் சக்கரத்தைச் செருகிவிடுவதுதான் பிள்ளைகள் செய்யும் வழக்கமான தவறு. மோட்டாருக்கு வேகம் நிறைய, வலு குறைவு. அதனால் இடையில் பல்சக்கரம் தேவை. மோட்டார் தண்டில் 8 பல் உள்ள சின்னச் சக்கரம், அச்சில் 40 பல் உள்ள பெரிய சக்கரம். மோட்டார் ஐந்து சுற்று சுற்றினால் காரின் சக்கரம் ஒரு சுற்று. வேகம் ஐந்தில் ஒன்றாகக் குறையும். தள்ளும் வலு கிட்டத்தட்ட ஐந்து மடங்காகும். சைக்கிளில் மேட்டில் ஏறும்போது கியரைக் குறைப்பதும் இதே கணக்குத்தான். மோட்டார் நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றுகிறது என்று வைத்துக்கொண்டால், சக்கரம் 600 சுற்று. மூடியின் விட்டம் 3 சென்டிமீட்டர் என்றால் அதன் சுற்றளவு ஒன்பதரை சென்டிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. பெருக்கிப் பார்த்தால் வினாடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் வேகம். பெரியவர் ஒருவர் சாதாரணமாக நடக்கும் வேகத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு.

கடைசியில் ஒயர். பேனலின் சிவப்பு ஒயரும் கறுப்பு ஒயரும் மோட்டாரின் இரண்டு காதுகளுக்கும் போகும். முறுக்கி விட்டால் குலுக்கலில் கழன்றுவிடும் என்பதால் ஈயம் வைத்துப் பற்றவைப்பது நல்லது. அதையும் பெரியவர் பக்கத்தில் இருந்து செய்ய வேண்டும். கார் பின்னோக்கிப் போனால் பயப்பட ஒன்றுமில்லை. இரண்டு ஒயரையும் மாற்றிக்கொடுத்தால் முன்னோக்கி வந்துவிடும்.

மன்னிக்காத கார்

பேட்டரி கார் தப்பை மன்னித்துவிடும். அச்சு கொஞ்சம் கோணலாக இருந்தாலும், பசை ஒட்டிக்கொண்டிருந்தாலும், பாரம் கூடியிருந்தாலும், இழுத்துக்கொண்டு போய்விடும். சோலார் கார் எதையும் மன்னிக்காது. கையில் இருப்பதே அரை வாட். அதையும் உராய்வு தின்றுவிட்டால் மிச்சம் எதுவும் இல்லை. பிள்ளைகளுக்கு இதைவிட நேர்மையான வாத்தியார் கிடைப்பது கஷ்டம்.

அதனால் பேனலை மாட்டுவதற்கு முன்பே ஒரு சோதனை நடத்த வேண்டும். மோட்டாரின் பல்சக்கரத்தை விலக்கிவிட்டு, காரை வழுவழுப்பான தரையில் லேசாகத் தள்ளிவிட வேண்டும். இரண்டு மீட்டராவது தானாக உருண்டு போனால் தேறும். அரை மீட்டரில் நின்றுவிட்டால் எங்கோ உரசுகிறது. சக்கரம் ஸ்ட்ரா விளிம்பில் தேய்கிறதா, பல்சக்கரங்கள் ஒன்றையொன்று இறுகக் கடித்துக்கொண்டிருக்கின்றனவா, அச்சில் முடி சுற்றியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகத் தேட வேண்டும். ஒரு பக்கமாக வளைந்து ஓடினால் முன் அச்சும் பின் அச்சும் இணையாக இல்லை. ஸ்கேல் வைத்து அளந்தால் தெரிந்துவிடும். முன்னால் இரண்டு சக்கரத்துக்குப் பதில் நடுவில் ஒரே சக்கரம் வைப்பவர்களும் உண்டு. ஒரு சக்கரம் குறைந்தால் உரசும் இடமும் ஒன்று குறையும்.

பேனலுக்கும் ஒரு சோதனை உண்டு. விளையாட்டு மாதிரி இருக்கும். வெயிலில் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது, பேனலின் ஒரே ஒரு பட்டையை விரலால் மூட வேண்டும். மூடியது பன்னிரண்டில் ஒரு பங்குதான், வேகமும் அவ்வளவுதான் குறையும் என்று எதிர்பார்ப்போம். மோட்டார் சுத்தமாகப் படுத்துவிடும். காரணம், ஒரு சிலிக்கான் பட்டை கொடுப்பது அரை வோல்ட்டுதான். பன்னிரண்டு பட்டைகளைத் தொடராக இணைத்துத்தான் ஆறு வோல்ட் வருகிறது. தீப்பிடித்த இடத்துக்குக் கிணற்றிலிருந்து வாளி வாளியாகக் கைமாற்றிக் கொடுக்கும் வரிசையை நினைத்துக்கொள்ளலாம். நடுவில் ஒருவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றால் மொத்த வரிசையும் நின்றுபோகும். காருக்கு அழகாக இருக்கட்டும் என்று முன்னால் நட்டுவைக்கிற குட்டிக் கொடியின் நிழல் பேனலில் விழுந்து, ஓடுகிற காரை நிறுத்தியது பல வீடுகளில் நடந்திருக்கும்.

சாய்மானமும் முக்கியம். வெயில் பேனலில் செங்குத்தாக விழுந்தால் முழு ஆற்றல்; 60 டிகிரி சரிந்து விழுந்தால் பாதி. சென்னை 13 டிகிரி வட அட்சரேகையில் இருப்பதால், ஏப்ரல் கடைசியிலும் ஆகஸ்டு நடுவிலும் நண்பகல் சூரியன் ஏறக்குறைய நேர் உச்சியில் நிற்கும். அப்போது பேனலைப் படுக்கையாக வைத்தாலே போதும். டிசம்பர் நண்பகலில்கூட, தெளிந்த வானமாக இருந்தால், படுக்கை பேனலுக்கு 80 சதவீதம் கிடைத்துவிடும். ஓட்டிப் பார்க்க நல்ல நேரம் காலை பத்து முதல் மதியம் இரண்டு வரை. ஆனால் காரை முன்கூட்டியே வெயிலில் வைத்துக் காயவிடக் கூடாது. பேனல் சூடேற ஏற அதன் வோல்ட் குறையும். ஒவ்வொரு டிகிரிக்கும் 0.3 முதல் 0.4 சதவீதம் வரை இழப்பு. சோலாருக்கு வெளிச்சம்தான் வேண்டும், சூடு அல்ல என்பது கத்திரி வெயில்காரர்களான நமக்கே ஆச்சரியமான செய்தி.

அமெரிக்காவில் ஐந்தாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்கு 'ஜூனியர் சோலார் ஸ்பிரிண்ட்' என்ற பந்தயம் முப்பது வருடங்களுக்கு மேலாக நடந்துவருகிறது. ஓட்டதூரம் 20 மீட்டர். கார் திசைமாறாமல் இருக்க, தடத்தின் நடுவே இழுத்துக் கட்டிய கம்பியைக் காரின் அடியிலிருக்கும் சின்ன வளையம் பற்றிக்கொண்டு ஓடும். நம் பள்ளிகளுக்கு இது புதுச் செலவு வைக்கிற யோசனை இல்லை. விளையாட்டு மைதானம் இருக்கிறது, தூண்டில் நரம்பு மலிவு, வெயிலுக்குப் பஞ்சமே இல்லை. அரசுப் பள்ளிகளில் 6 முதல் 8-ஆம் வகுப்பு வரை, செய்து பார்த்துக் கற்பதற்கென்று 2022-இல் தமிழக அரசு தொடங்கிய வானவில் மன்றத்துக்கும் பொருத்தமான விளையாட்டு.

நிலவில் ஒரு வண்டி

இந்தப் பொம்மையின் அண்ணன் ஒருவன் நிலவில் நிற்கிறான். 2023 ஆகஸ்டு 23 அன்று சந்திரயான்-3 இறங்கியதும், விக்ரம் தரையிறங்கியின் வயிற்றிலிருந்து சாய்தளம் வழியாக உருண்டு வந்த பிரக்யான் ஊர்தி, அசல் சோலார் கார்தான். எடை 26 கிலோ. ஆறு சக்கரம். பேனல் கொடுப்பது 50 வாட். பழைய ரக சீலிங் ஃபேன் ஒன்றுக்குக்கூட முழுசாகப் போதாது. வேகம் வினாடிக்கு ஒரு சென்டிமீட்டர். பாட்டில் மூடிக் கார் வெயிலில் ஓடினால் அதைவிடப் பல மடங்கு வேகம்.

அங்கேயும் அதே கணக்குகள்தான். நிலவின் தென்துருவத்தை ஒட்டிய அந்த இடத்தில் சூரியன் உச்சிக்கு வருவதே இல்லை. வானத்தில் தாழ்வாகவே நகரும். அதனால் பிரக்யானின் பேனல் படுத்திருக்கவில்லை, சுவர் மாதிரி நிமிர்ந்து நின்றது. நிலவில் ஒரு பகல் நம் கணக்குக்குப் பதினான்கு நாள்; விடிகிற நேரம் பார்த்துத்தான் விண்கலத்தை இறக்கினார்கள். அந்தத் திட்டத்தின் இயக்குநர் விழுப்புரத்துக்காரர் வீரமுத்துவேல். பிரக்யான் 100 மீட்டரைத் தாண்டி ஓடிய பிறகு, செப்டம்பர் 2-ஆம் தேதி அதை உறங்கவைத்தார்கள். மறுபடி விடியும்போது வெளிச்சம் நேராக விழும்படி பேனலைத் திருப்பி நிறுத்தியிருந்தார்கள். செப்டம்பர் 22 வாக்கில் அங்கே விடிந்தது. மைனஸ் 200 டிகிரியை நெருங்கும் இரவுக் குளிருக்குப் பிறகு அது எழுந்திருக்கவில்லை. கூப்பிட்டுப் பார்த்தும் பதில் வரவில்லை.

அறைக்குள் எப்படி ஓட்டுவது?

கண்காட்சி அறைக்குள்தான் நடக்கும், நடுவர் அங்கேதான் வருவார் என்றால் அதற்கும் நேர்மையான வழிகள் இருக்கின்றன. ஒன்று, பழைய 100 வாட் குண்டு பல்பு. எல்.இ.டி. பல்பு கண்ணுக்குத் தெரியும் ஒளியை மட்டும் தருகிறது. குண்டு பல்போ கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிரை அள்ளி வீசுகிறது, சிலிக்கான் அதில் ஒரு பகுதியையும் மின்சாரமாக்கிக்கொள்ளும். மேஜை விளக்கில் போட்டு ஒரு சாண் உயரத்திலிருந்து காட்டினால், அச்சு சுத்தமாக இருக்கும் கார் மெல்ல நகரும். அதிக நேரம் காட்டினால் சன் போர்டு இளகிவிடும், அவ்வளவுதான் எச்சரிக்கை. இன்னொரு வழி, சூப்பர் கெப்பாசிட்டர். முற்றத்து வெயிலில் சில நிமிடம் சேமித்துக்கொண்டு, அறைக்குள் வந்து கொஞ்ச தூரம் ஓடிக் காட்டும். பேட்டரியை ஒளித்துவைப்பதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம், ஒயரை மறைக்க வேண்டியதில்லை என்பது.

மூன்றாவது வழிதான் எளிது. "வெளியே வந்து பாருங்க சார்" என்று கூப்பிடுவது.

ஏழாம் வகுப்பு மாணவி கடைசியில் அதைத்தான் செய்கிறாள். காரை இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு அவள் முன்னால் போக, நடுவரும், வேடிக்கை பார்க்க ஒரு கூட்டமும் பின்னால் போகிறார்கள். கொடிக்கம்பத்துக்குப் பக்கத்தில், நிழல் விழாத இடமாகப் பார்த்துத் தரையில் வைக்கிறாள். கையை எடுப்பதற்குள் கார் கிளம்பிவிடுகிறது. ஏழெட்டு அடி போயிருக்கும். மேகம் ஒன்று சூரியனை மறைக்கிறது. கார் வேகம் தளர்ந்து, மண்ணில் நின்றுவிடுகிறது. ஒரு பையன் அதைத் தள்ளிவிடக் குனிகிறான். "தொடாதடா" என்று கத்துகிறாள். எல்லாரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். நடுவரும்தான். மேகத்தின் ஓரம் வெளுத்து, வெயில் மைதானத்தின் கோடியிலிருந்து ஓடிவருகிறது. சுவரைத் தாண்டி, வேப்பமரத்தைத் தாண்டி, கொடிக்கம்பத்தைத் தொடுகிறது. பாட்டில் மூடிச் சக்கரங்கள் யாரும் தொடாமலே மறுபடி சுற்றத் தொடங்குகின்றன.